ஆப்பிரிக்காவோட பழைய வரலாறு படிக்கணுமா, கெர்மால இருந்து ஆரம்பிங்க

ஆப்பிரிக்க வரலாறுன்னு சொன்னா நம்மள்ல நெறைய பேருக்கு பிரமிடு, கிளியோபாட்ரா, அப்புறம் நேரா அடிமை வியாபாரம். நடுவுல கெடக்குற ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே விட்டுப்போயிடுது, எகிப்த கூட ஆப்பிரிக்கால இருக்குற நாடாவே யோசிக்காம தனியா ஒரு உலகம் மாதிரி படிச்சுட்டு வந்துடுறோம். இத சரியா படிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு எனக்கு உதவுன வழிய சொல்றேன்.

மொதல்ல மொத்த கண்டத்தையும் ஒரே மூச்சுல படிக்க போகாதீங்க, பேரும் தேதியும் குழம்பி ஒரு வாரத்துல விட்டுடுவீங்க. ஒரே ஒரு எடத்த புடிங்க. நான் சொல்றது கெர்மா, வட சூடான்ல நைல் கரைல இருக்கு.

புத்தகத்த தொறக்குறதுக்கு முன்னாடி போன்ல மேப்ப தொறந்து சாட்டிலைட் படத்துல வெச்சு அஸ்வான்ல இருந்து தெற்கால கார்ட்டூம் வரைக்கும் ஆத்தோடவே விரல நகத்திட்டு போங்க. நைல் தெற்கேருந்து வடக்க ஓடுது, அதனாலதான் மேல் எகிப்துங்கறது மேப்ல கீழ இருக்கும், இது புரியலன்னா பாதி புத்தகம் தலைகீழா தெரியும். வழியில ஆறு எடத்துல ஆத்துக்கு நடுவுல பாறையா கெடக்கும், கேட்டராக்ட்னு சொல்றாங்க, பெரிய அருவின்னு நெனச்சுக்காதீங்க, தண்ணி பாறைக்கு நடுவுல சுழிச்சு ஓடுற எடம், படகு தாண்டுறது பெரிய பாடு. மூணாவதுக்கு கொஞ்சம் தெற்கதான் கெர்மா. எகிப்து படகு லேசுல வர முடியாத எடத்துல ஒரு தனி ராஜ்யம் வளந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு மேப்ப பாத்தாலே புரிஞ்சிடும்.

கெர்மா நகரம் கி.மு. 2500 வாக்குல இருந்து கி.மு. 1500 வரைக்கும் ஓஹோன்னு இருந்துச்சு. நடுவுல டெஃபூஃபான்னு ஒரு பச்ச மண்ணு செங்கல் கட்டடம், கோயில்னு சொல்றாங்க, இன்னிக்கும் 18 மீட்டர் உசரத்துக்கு நிக்குது. ஊருக்கு வெளிய பெரிய இடுகாடு, ராஜாவுங்கள புதைச்ச வட்டமான மேடு ஒவ்வொண்ணும் அவ்ளோ பெருசு, பெரியது 90 மீட்டர் குறுக்களவு வரும். ஒரு மேட்டுக்கு முன்னாடி மாட்டு மண்டை ஓடு மட்டும் நாலாயிரத்துக்கு மேல வரிசையா அடுக்கி வெச்சிருந்தாங்க! எழுத்தே இல்லாம அந்த ஊர்ல பணம்னா என்னன்னு அந்த மண்டை ஓடு சொல்லிடுது, மாடுதான் செல்வம்.

இப்போ முக்கியமான வேலைக்கு வருவோம். ஒரு நோட்டு எடுத்து பக்கத்த ரெண்டா பிரிச்சு கோடு போடுங்க. இடது பக்கம் மொதல்ல தோண்டுனவர் என்ன சொன்னார், வலது பக்கம் பின்னாடி வந்தவங்க என்ன சொன்னாங்க. ஆப்பிரிக்க வரலாறு படிக்க இத விட நல்ல வழி எனக்கு தெரியல, ஏன்னு கெர்மாலயே காட்டுறேன்.

ஜார்ஜ் ரைஸ்னர்னு ஒரு அமெரிக்க தொல்லியல் அறிஞர் 1913ல இருந்து 1916 வரைக்கும் அங்க தோண்டுனார், வேலைல ரொம்ப கறார், ஒவ்வொண்ணையும் படம் எடுத்து குறிச்சு வெச்சவரு. அந்த மேட்டுக்குள்ள எகிப்து நாட்டு சிலைங்க கெடச்சுது, ஒரு எகிப்து அதிகாரியோடதும் அவர் மனைவி சென்னுவியோடதும். உடனே அவர் இது எகிப்து கவர்னரோட கல்லறை, கெர்மா எகிப்தோட காலனின்னு முடிவு பண்ணிட்டார், இவ்ளோ பெரிய வேலைய உள்ளூர் ஆளுங்க செஞ்சிருப்பாங்கன்னு அவர் மனசு ஒத்துக்கல. இது இடது பக்கம்.

வலது பக்கத்துல எழுதுங்க: 1970கள்ல இருந்து ஷார்ல் பொனேங்குற சுவிஸ் அறிஞர் பல வருஷம் அங்கயே தோண்டி, வீடு, கோட்டைச்சுவரு, பட்டறை எல்லாம் வெளிய கொண்டுவந்து இது முழுக்க நூபிய மக்களோட, அதாவது எகிப்துக்கு தெற்க நைல் கரைல வாழ்ந்த உள்ளூர் மக்களோட நகரம்னு காட்டிட்டார். அப்போ அந்த சிலைங்க எப்படி வந்துச்சு? 2003ல எகிப்துல எல்காப்ங்குற ஊர்ல சோபெக்நக்த்ங்குற கவர்னரோட கல்லறைல ஒரு எழுத்து கண்டுபுடிச்சாங்க, குஷ் படை (கெர்மா ராஜ்யத்த எகிப்துக்காரங்க குஷ்னுதான் சொல்வாங்க) எகிப்துக்குள்ளயே புகுந்து அடிச்சதா எகிப்துக்காரரே எழுதி வெச்சிருக்கார். அதாவது அந்த சிலைங்க கவர்னரோட வந்தது இல்ல, அங்க போய் அள்ளிட்டு வந்த கொள்ளைப் பொருளா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்! அதே சிலை, அதே குழி, கதை மட்டும் தலைகீழா மாறிடுச்சு. சென்னுவி சிலை இப்போ பாஸ்டன் மியூசியத்துல இருக்கு, அவங்க வெப்சைட்ல படம் பாக்கலாம், கறுப்பு கல்லுல செஞ்சது, ரொம்ப அழகு.

இத ஒருவாட்டி செஞ்சு பழகிட்டீங்கன்னா அதே ஆத்தோடவே அடுத்த காலத்துக்கு போங்க. கி.மு. 1500 வாக்குல எகிப்து கெர்மாவ புடிச்சிடுச்சு, ஆனா கி.மு. 8ஆம் நூற்றாண்டுல சக்கரம் சுத்திடுச்சு, நபாட்டாங்குற ஊர்ல இருந்து கெளம்புன குஷ் ராஜா பியே எகிப்த ஜெயிச்சார், அவர் வம்சந்தான் எகிப்தோட 25ஆவது வம்சம். அவரோட வெற்றிக் கல்வெட்டு ஜெபெல் பர்கல் மலையடில கெடச்சுது, மொழிபெயர்ப்பு நெட்ல இருக்கு, கண்டிப்பா படிங்க. தோத்துப்போன ராஜா ஒருத்தரோட லாயத்துக்கு போயி குதிரைங்க பட்டினி கெடக்குறத பாத்து பியேவுக்கு வர்ற கோவம் இருக்கே, அத படிச்சதுக்கு அப்புறம் அவர் எனக்கு வெறும் பேரா தெரியல. ஆனா ராஜா தானே வெட்ட வெச்ச கல்வெட்டுங்கறதையும் நோட்டுல பக்கத்துலயே குறிச்சுக்கோங்க. அந்த வம்சத்துல வந்த தஹர்கா பேரு பைபிள்லயே வருது.

அப்புறம் குஷ் ராஜ்யத்தோட தலைநகரம் மெரோவேங்குற ஊருக்கு போச்சு. அந்த ராஜ்யத்துல 200க்கும் மேல பிரமிடு இருக்கு, எகிப்த விட எண்ணிக்கைல அதிகம், சின்னதா செங்குத்தா இருக்கும், பல பிரமிடுக்கு உச்சி இருக்காது, 1834ல ஃபெர்லினிங்குற இத்தாலிக்காரர் புதையல் தேடி இடிச்சதுல பலது போச்சு. இங்க நீங்க கத்துக்க வேண்டியது, எழுத்து இருந்தா மட்டும் போதாது. மெரோவே எழுத்துக்கு மொத்தம் 23 குறிதான், 1911 வாக்குலயே கிரிஃபித்ங்குறவர் ஒலிய கண்டுபுடிச்சிட்டார், வாய்விட்டு படிக்கலாம், ஆனா அந்த மொழி இன்னும் பெரும்பாலும் புரியல. அதனால ரோமோட நடந்த சண்டைய ரோம் பக்கத்து ஆளுங்க எழுதுனத வெச்சுதான் படிக்கிறோம், அதுல ஒரு கண்ணு போன ராணி வர்றாங்க, அமனிரெனாஸ்னு பலரும் சொல்றாங்க. மெரோவேகாரங்க பக்கத்து பதில் மண்ணுக்குள்ள இருந்துச்சு, 1910ல ஒரு கோயில் படிக்கட்டுக்கு அடியில அகஸ்டஸ் சீசரோட வெண்கலத் தலை கெடச்சுது, உள்ள போறவங்க எல்லாம் மிதிச்சுட்டு போகணும்னே புதைச்சிருக்காங்க.

அடுத்து அக்சும், இப்போ எத்தியோப்பியா. இங்க நாணயத்த பாருங்க. எசானா ராஜா காலத்துல, கி.பி. 4ஆம் நூற்றாண்டு, மொதல்ல வந்த காசுல பிறையும் வட்டமும் இருக்கும், பின்னாடி வந்ததுல சிலுவை, ஒரு நாடு கிறிஸ்தவத்துக்கு மாறுனத ரெண்டு காச பக்கத்துல பக்கத்துல வெச்சே பாத்துடலாம். அங்க இருக்குற 24 மீட்டர் கல்தூண் ஒண்ண முசோலினி ஆளுங்க 1937ல ரோமுக்கு தூக்கிட்டு போனாங்க, 2005லதான் திரும்பி வந்துச்சு.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. செங்கடல் வியாபாரத்த பத்தின பெரிப்ளஸ்ங்குற பழைய கிரேக்க குறிப்புல அக்சும் துறைமுகம் அடூலிஸும் வருது, நம்ம முசிறியும் வருது. எகிப்தோட செங்கடல் கரைல பெரெனிகேல ஒரு ஜாடில 7 கிலோவுக்கு மேல மிளகு கெடச்சுது, குசேர் அல் கதீம்ல தமிழ் பிராமி எழுதுன பானை ஓடு கெடச்சுது, அதனால இந்த பகுதிய படிக்கும்போது ரெண்டு கரையையும் சேத்தே படிங்க.

தெற்கு ஆப்பிரிக்க பகுதில, இப்போ ஜிம்பாப்வே நாட்டுல இருக்குற பழைய கல் நகரம் கிரேட் ஜிம்பாப்வே, அதுக்கு மறுபடியும் அந்த ரெண்டு பக்க நோட்டு வேணும். 1871ல கார்ல் மவுக்ங்குற ஜெர்மன்காரர் அங்க போயி ஒரு மரத்துண்ட மோந்து பாத்து தன்னோட பென்சில் மாதிரியே வாசம் வருது, அப்போ லெபனான் தேவதாரு, அப்போ பைபிள்ல வர்ற ஷெபா ராணி கட்டுனதுன்னு எழுதிட்டார். 1905ல ராண்டல் மக்கைவர், 1929ல கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் ரெண்டு பேரும் தோண்டி பாத்து இது ஆப்பிரிக்க மக்களே கட்டுனதுன்னு சொல்லிட்டாங்க, ஆனா அங்க வெள்ளக்கார ஆட்சி இருந்த வரைக்கும் பழைய கதையத்தான் தூக்கி புடிச்சாங்க. சுண்ணாம்பு சாந்து எதுவும் இல்லாம கல்ல மட்டும் அடுக்குன சுவரு, சில எடத்துல 11 மீட்டர் உசரம்.

படிக்க எதுன்னு கேட்டா, யுனெஸ்கோ போட்ட ஆப்பிரிக்க பொது வரலாறு 8 தொகுதி இலவசமாவே கெடைக்குது, ரெண்டாவது தொகுதிலதான் நான் சொன்ன குஷ், மெரோவே, அக்சும் எல்லாம் வரும், ஆனா அது 1981ல வந்தது, எல்காப் எழுத்து மாதிரி பின்னாடி கெடச்சது அதுல இருக்காது. எந்த புத்தகம் எடுத்தாலும் வருஷத்த மொதல்ல பாருங்க. வேத்துக்கிரகவாசி கட்டுனதுன்னு வர்ற வீடியோ பக்கம் போகாதீங்க, அது மவுக் சொன்ன அதே கதைக்கு புது சட்ட.

இன்னொண்ணு, சூடான்ல 2023 ஏப்ரல்ல இருந்து போர் நடக்குது, கார்ட்டூம் தேசிய மியூசியத்துல புகுந்து நெறைய கொள்ளையடிச்சுட்டாங்க. அதனால கெர்மா, மெரோவே பொருளோட நல்ல படம் எங்க பாத்தாலும் எந்த எடத்துல கெடச்சது, எப்போ தோண்டுனதுங்குற குறிப்போட சேத்து சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.