நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை: பட்டியலில் பெயர் ஏறியாச்சா? இதைப் படியுங்கள்

இனிமேல் போனை சைலன்ட்டில் போடாதீர்கள். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த நுரையீரல் பனிப்பெட்டியில் 6 முதல் 8 மணி நேரம்தான் தாங்கும், நடுராத்திரியில் கூப்பிட்டாலும் கிளம்பியாக வேண்டும். அழைப்பு வந்த நிமிஷத்திலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது.

யாருக்குத் தருவது என்பதில் யார் முதலில் பதிந்தார் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும், நுரையீரல் உங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் அடங்கவும் வேண்டும், அதற்காகத்தான் உயரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்த பிறகும், "இது சரியில்லை, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிடலாம். எரிச்சல் வரும்தான், ஆனால் கெட்டுப்போன நுரையீரலை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட இது மேல்.

ஆபரேஷனில் பழையதை எடுத்துவிட்டு மூச்சுக்குழாய், ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய், இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய்கள் என்று மூன்று இணைப்புகளைத் தைப்பார்கள். இரண்டு பக்கமும் மாற்றினால் 6 முதல் 12 மணி நேரம் ஆகும், அதனால் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் தகவல் வரவில்லையே என்று பதற வேண்டாம். கண் விழிக்கும்போது வாயில் வென்டிலேட்டர் குழாய் இருக்கும், பேச முடியாது, இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

பலர் சொல்லாமல் விடுவது ஒன்று. நரம்புகளை யாரும் இணைப்பதில்லை. தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் தானாக வராது, நீங்களாகத்தான் மணிக்கொரு தடவை இரும வேண்டும், வலிக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொண்டாவது இருமுங்கள்.

அப்புறம் மாத்திரைகள், வாழ்நாள் முழுக்க. புது நுரையீரலை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகே போடுங்கள், இல்லையென்றால் அளவு தப்பாகக் காட்டும். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டவே வேண்டாம், அது அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தோட்ட மண், கோழிக்கூடு, புறா எச்சம் பக்கமும் போகாதீர்கள், அங்கிருக்கும் பூஞ்சை உங்களுக்கு ஆபத்து.

வீட்டில் தினமும் ஸ்பைரோமீட்டரில் (மூச்சின் அளவைக் காட்டும் கருவி) ஊதி எண்ணைக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட 10 சதவீதம் இறங்கினாலோ, லேசான காய்ச்சல் அடித்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே உங்கள் ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குழுவைக் கூப்பிடுங்கள்.