ஒரே பெயரில் பல போர்க்கப்பல்கள்: உங்களுக்கு வேண்டியது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய படத்திலோ குடும்பப் பெட்டியில் கிடந்த ஆவணத்திலோ ஒரு போர்க்கப்பலின் பெயர் கண்ணில் பட்டால், உடனே அந்தப் பெயரைத் தட்டித் தேடாதீர்கள். முதலில் ஆண்டு என்ன என்று பாருங்கள். கடற்படைகள் நல்ல பெயரைச் சும்மா விட்டுவைப்பதில்லை, ஒரு கப்பல் போனால் அந்தப் பெயர் அடுத்த கப்பலுக்குப் போய்விடும்.

பிரிட்டனின் ஆர்க் ராயலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1588இல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பெயினின் கப்பற்படையான ஆர்மடாவோடு மோதிய பாய்மரக் கப்பலும் ஆர்க் ராயல்தான், 1941 நவம்பரில் ஜெர்மனியின் யு-81 நீர்மூழ்கி மூழ்கடித்த விமானந்தாங்கியும் ஆர்க் ராயல்தான். நடுவில், 1914இல் கடல் விமானங்களைச் சுமக்க வந்த இன்னொன்றும் உண்டு. புதிய கப்பலுக்குப் பெயர் தேவைப்பட்டதால் 1934இல் அதைப் பெகாசஸ் ஆக்கிவிட்டார்கள், அதனால் இரண்டாம் உலகப் போரில் அது என்ன செய்தது என்று அறிய பெகாசஸ் என்றுதான் தேட வேண்டும்.

அடுத்து அடையாள எண். அமெரிக்காவின் விமானந்தாங்கிகளுக்கு 'சிவி' என்று தொடங்கும் எண் உண்டு. லெக்சிங்டன் சிவி-2 என்றால் 1942 மே மாதம் பவளக் கடலில் மூழ்கியது, சிவி-16 என்றால் அதற்குப் பிறகு வந்தது. இதில் ஒரு வேடிக்கை, சிவி-16ஐக் கேபட் என்ற பெயரில்தான் கட்டத் தொடங்கினார்கள், முந்தையது மூழ்கிய பிறகுதான் பெயரை மாற்றினார்கள்.

சரி, எண் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. இந்தியாவின் விமானந்தாங்கிகளான ஐஎன்எஸ் விக்ராந்த் இரண்டுக்குமே ஆர்11தான் எண். 1961 முதல் 1997 வரை சேவையில் இருந்தது பழையது, 2022 செப்டம்பர் 2 அன்று சேர்ந்தது புதியது. தேதியில்லாத படம் என்றால் விமானங்கள் ஏறி இறங்கும் மேல்தளத்தின் முன்முனையைப் பாருங்கள், மேல்நோக்கி வளையாமல் தட்டையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், பழையதுதான். ஆனால் வளைந்திருப்பதை வைத்துப் புதியது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் 1980களின் இறுதியில் பழைய கப்பலுக்கும் அந்தச் சரிவுத்தளத்தைப் பொருத்தினார்கள். அப்போது தளத்தில் நிற்கும் விமானத்தைப் பாருங்கள்: சீ ஹாரியர் என்றால் பழையது, மிக்-29கே என்றால் புதியது.

கடைசியாக, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் கரையில் இருக்கும் முகாம்களுக்கும் கப்பல் பெயர்தான். முதல் உலகப் போர்க்கால மாலுமி ஒருவரின் பணிப்பதிவில் 'விக்டரி' என்று இருந்தால், அவர் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலில் ஏறினார் என்று பெருமைப்பட அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் அது போர்ட்ஸ்மவுத் முகாம்தான். அந்த வரிக்கு முன்னும் பின்னும் வேறு என்ன கப்பல் பெயர்கள், என்ன தேதிகள் இருக்கின்றன என்று பாருங்கள், அவர் உண்மையில் கடலுக்குப் போன கப்பல் அங்கேதான் இருக்கும்.