விளையாட்டுப் பத்தி எழுதும் பிரபலங்கள் சறுக்கும் இடங்கள்: எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு. சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் அமெரிக்கக் கால்பந்தாட்டம். முதல் கால் பகுதியிலேயே பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் எதிரணி வீரர் ஒருவரை மடக்கிப் பிடித்தார், எழுந்து நின்றார், அப்படியே மல்லாந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. வயது 24. அணியின் உதவிப் பயிற்சி மருத்துவப் பணியாளர் டென்னி கெல்லிங்டன் மைதானத்திலேயே மார்பை அழுத்தி முதலுதவி செய்தார். சக வீரர்கள் சுற்றி மண்டியிட்டு அழுதார்கள். கேமராக்கள் எங்கே திரும்புவது என்று தெரியாமல் தடுமாறின.

அந்த நேரத்தில் ஸ்கிப் பேலஸ் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். டல்லாஸ், சிகாகோ நாளிதழ்களில் பத்தி எழுதிப் பேர் வாங்கி, பிறகு தொலைக்காட்சி விவாதங்களில் பெரிய நட்சத்திரமானவர் அவர். ஆட்டத்தைத் தள்ளிவைப்பது பற்றி, போட்டிகளை நடத்தும் லீக் நிச்சயம் யோசித்துக்கொண்டிருக்கும், ஆனால் எப்படித் தள்ளிவைப்பது, சீசனின் இந்தக் கட்டத்தில் இவ்வளவு முக்கியமான ஆட்டமாயிற்றே என்பதுதான் அதன் சாரம். கடைசியில், இதெல்லாம் திடீரென்று அர்த்தமில்லாததாகத் தோன்றுகிறது என்றும் சேர்த்திருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவர்களும் மன்னிக்கவில்லை. மறுநாள் அவருடைய நிகழ்ச்சிக்கு இணைத் தொகுப்பாளர் ஷானன் ஷார்ப் வரவே இல்லை. புதன்கிழமை வந்தார், அந்தப் பதிவை நீக்கியிருக்கலாமே என்று ஆரம்பித்தார், நேரலையிலேயே இருவருக்கும் வாக்குவாதம் ஆனது.

பேலஸை இரக்கமில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் செய்த பிழை வேறு. அந்தக் கடைசி வரியை முதலில் போட்டு, அதோடு நிறுத்தியிருந்தால் பதிவு நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் அவர் மனம் பழகிய தடத்திலேயே ஓடியது. அட்டவணை, புள்ளிப் பட்டியல், பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்று. பல வருடமாக ஒரே வேலையைச் செய்பவர்களுக்கு இது நேரும். எந்தச் சம்பவம் நடந்தாலும் 'இதைப் பற்றி என் கருத்து என்ன' என்பதுதான் முதலில் எழும். கண்ணெதிரே நடப்பது என்ன என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும்.

அன்று இரவு எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தது. கெல்லிங்டன் இருந்தார். வீரர்களை உள்ளே அழைத்துப் போன இரு அணிப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித் தர ஹாம்லின் எப்போதோ தொடங்கியிருந்த சிறிய நிதிக்கு முகம் தெரியாதவர்கள் விடிய விடியப் பணம் அனுப்பினார்கள், அது பல மில்லியன் டாலரைத் தாண்டியது. பாதியில் நின்ற ஆட்டம் மறுபடி தொடங்கவே இல்லை, ரத்து ஆனது. அதனால் லீக் கவிழ்ந்துவிடவும் இல்லை. ஹாம்லின் பிழைத்து, அடுத்த சீசனில் மறுபடி களமிறங்கினார்.

பெரிய பெயரை யாரும் திருத்துவதில்லை

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மூலகாரணமாகப் பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த நிருபரின் செய்தியை உதவி ஆசிரியர் வரிக்கு வரி கேள்வி கேட்பார். பிரபலத்தின் பத்தி வந்தால் எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார். அவரிடம் போய் யார் கேட்பது?

மிட்ச் ஆல்பம் விஷயம் நினைவிருக்கலாம். டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழின் விளையாட்டுப் பத்தியாளர், உலகம் முழுக்க விற்ற புத்தகங்களை எழுதியவர். 2005 ஏப்ரலில் கல்லூரிக் கூடைப்பந்தின் அரையிறுதி செயின்ட் லூயிஸில் நடந்தது. மிச்சிகன் ஸ்டேட்டும் நார்த் கரோலினாவும் மோதின. மிச்சிகன் ஸ்டேட்டில் படித்து, பிறகு என்பிஏ எனும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்குக்குப் போன மட்டீன் கிளீவ்ஸ், ஜேசன் ரிச்சர்ட்சன் இருவரும் விமானம் பிடித்து வந்து, பழைய கல்லூரியின் பச்சை நிறத்தை அணிந்து பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்ததாக ஆல்பம் எழுதினார். படிக்க இதமான பத்திதான்.

அவர்கள் இருவரும் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் அந்தப் பகுதி முன்கூட்டியே அச்சாகும் என்பதால் ஆல்பம் வெள்ளிக்கிழமையே பத்தியைக் கொடுத்துவிட்டார். ஆட்டமோ சனிக்கிழமை. வருவதாக இருவரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள், அதை நம்பி, நடந்து முடிந்ததாக எழுதிவிட்டார். ஆனால் எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஆட்டம் நடப்பதற்கு முந்தைய நாள் கைக்கு வந்த பத்தியில் 'உட்கார்ந்திருந்தார்கள்' என்று இருக்கிறது. அலுவலகத்தில் பலர் கண்ணில் அது பட்டிருக்கிறது. ஒருவராவது 'சார், மேட்ச் நாளைக்குத்தானே?' என்று கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆல்பத்தோடு சேர்த்து அலுவலகத்தில் இன்னும் நான்கு பேர் மீதும் நடவடிக்கை வந்தது. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பெயர் கொஞ்சம் வளர்ந்ததும் ஒருவர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு, தன்னிடம் 'இது வேண்டாம்' என்று சொல்லத் தயங்காத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. நண்பர், மனைவி, பழைய சக வீரர் யாராகவும் இருக்கலாம். பாராட்டுபவராக மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை.

முன்னாள் வீரர்கள் பெயரில் வரும் பத்திகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. அவர் போனில் பத்து நிமிடம் பேசுவார், வேறொருவர் எழுதித் தருவார். சொன்னவர் வந்ததைப் படிக்காமல் விட்டால், எழுதியவர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் விட்டால், பழைய கதையும் 'எங்க காலத்துல' என்ற பெருமூச்சும்தான் மிஞ்சும். உங்கள் பெயரில் வருவதை நீங்களே ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

சரியான கருத்து, தவறான நேரம்

2022 மார்ச் 4 அன்று ஷேன் வார்ன் தாய்லாந்தில் காலமானார். 52 வயது. 708 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதரின் மரணச் செய்தி வந்த சூடு ஆறுவதற்குள், தொலைக்காட்சி ஒன்று சுனில் கவாஸ்கரிடம் கேட்டது: வார்ன்தான் எல்லாக் காலத்திலும் சிறந்த சுழற்பந்து வீச்சாளரா? இல்லை என்றார் கவாஸ்கர். இந்தியச் சுழற்பந்து வீச்சாளர்களையும் முத்தையா முரளிதரனையும் மேலே வைத்தார், இந்தியாவுக்கு எதிரான வார்னின் கணக்கு சுமார்தான் என்றார்.

நம்மில் பலருக்கு இந்தக் கருத்தில் மறுப்பே இருக்காது. கண்டியில் பிறந்த முரளி 800 விக்கெட் எடுத்தவர், அவர் நம்மவர் என்ற பாசமும் சேர்ந்துகொள்ளும். இந்தியாவுக்கு எதிராக வார்ன் 14 டெஸ்டில் எடுத்தது 43 விக்கெட்தான், சராசரி 47ஐத் தாண்டும். ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுக்கு மேல் அவர் இந்தியாவிடம் எடுத்தது ஒரே ஒரு முறை, அதுவும் நம் சேப்பாக்கத்தில், 2004 அக்டோபரில். ஆக கவாஸ்கரின் கருத்துக்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் அந்த மனிதரின் பிள்ளைகள் இன்னும் உடலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் தராசைத் தூக்கக் கூடாது. ஒரு வருடம் கழித்து இதே கருத்தைப் பத்தியாக எழுதியிருந்தால் நான் வரவேற்றிருப்பேன்.

கவாஸ்கர் சில நாளில் வருத்தம் தெரிவித்தார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது, நானும் பதில் சொல்லியிருக்கக் கூடாது, ஒப்பிடுவதற்கான நேரம் அது இல்லை என்றார். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பழக்கம்தான் பிரபலங்களை மாட்டிவிடுகிறது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடுமையாக விமர்சிப்பது தவறே இல்லை. வீரர்களைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருப்பவர்களும் வாசகருக்குத் துரோகம்தான் செய்கிறார்கள். 2019 உலகக் கோப்பையின்போது முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ஐம்பது ஓவர் ஆட்டத்தில் துண்டு துக்கடா ஆட்டக்காரர்களைத் தனக்குப் பிடிக்காது, ரவீந்திர ஜடேஜா இப்போது அப்படித்தான் இருக்கிறார் என்றார். முழுநேரப் பேட்ஸ்மேனோ முழுநேரப் பந்துவீச்சாளரோ அணிக்கு வேண்டும் என்பது ஒரு கிரிக்கெட் கருத்து, விவாதிக்கலாம். ஆனால் அது ஆட்டத்தைப் பற்றிய வாதமாக யார் காதிலும் விழவில்லை, ஒரு மனிதர் மேல் ஒட்டிய முத்திரையாகவே விழுந்தது. நீங்கள் ஆடியதைப் போல இரண்டு மடங்கு ஆட்டம் ஆடியிருக்கிறேன் என்று ஜடேஜா பதிலடி கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மான்செஸ்டர் அரையிறுதியில் 92 ரன்னுக்கு 6 விக்கெட் போன நிலையில் இறங்கி 59 பந்தில் 77 எடுத்தார். இந்தியா தோற்றது, ஆனால் மஞ்ச்ரேக்கர் தான் சொன்னது பிசகியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். விமர்சனம் ஆட்டத்தின் மேல் இருக்கட்டும். பட்டப்பெயர் வைக்கும் ஆசை வரும்போது, அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வாதம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தச் சொல் தேவையே இல்லை.

'நான்' எப்போது இடிக்கிறது

பத்தி என்றால் 'நான்' இருக்கத்தான் செய்யும். அதைத் துடைத்துவிட்டு எழுதச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த 'நான்' எதற்காக நிற்கிறது என்பதுதான் கேள்வி.

2014 ஜனவரியில், அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர் பில் சிம்மன்ஸ் ஆசிரியராக இருந்த கிராண்ட்லாண்ட் இணைய இதழில் ஒரு கால்ஃப் மட்டை வடிவமைப்பாளரைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தது. மட்டையைப் பற்றித் தொடங்கிய தேடல், அதை வடிவமைத்த பெண் ஒரு திருநங்கை என்பதை நிருபர் கண்டுபிடித்த கதையாக மாறியது. தனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது, எப்படித் துப்பு கிடைத்தது, தெரிந்தபோது முதுகுத்தண்டு எப்படிச் சிலிர்த்தது என்று எல்லாம் எழுதியவரின் பரபரப்பாகவே போகும். அந்தப் பெண் கட்டுரை வெளிவரும் முன்பே தற்கொலை செய்துகொண்டிருந்தார். அந்த மரணமும் அவருடைய தேடலின் முடிவுக் காட்சிபோலவே கட்டுரையில் வருகிறது. பிறகு சிம்மன்ஸ் வாசகர்களுக்கு நீண்ட கடிதம் எழுதிப் பொறுப்பேற்றார். வெளியிடும் முன் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேல் படித்திருக்கிறார்கள், திருநங்கை சமூகத்தில் ஒருவரிடம்கூடக் காட்டவில்லை என்றார். ஆல்பம் விஷயத்தில் நடந்ததேதான் இங்கும், ஆனால் விலை எவ்வளவு பெரிது.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2020 ஜூலை 8, சவுத்தாம்ப்டன். இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் மழையால் தடைப்பட்டிருந்த நேரத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங் தொலைக்காட்சியில் இனவெறி பற்றிப் பேசினார். மறுநாள், தன் தாயைப் பற்றிக் கேட்டபோது கண்கலங்கினார். அப்பாவின் நிறம் கறுப்பு அதிகம் என்பதற்காக அம்மாவை அவர் வீட்டார் ஒதுக்கிய கதை அது. அத்தனையும் 'நான்', 'என் அம்மா', 'என் அப்பா'தான். ஆனாலும் கேட்டவர்களுக்கு ஹோல்டிங் தன்னைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றவே இல்லை. தன் வாழ்க்கையை அவர் சாட்சியாக மட்டுமே வைத்தார், அங்கிருந்து பள்ளிப் பாடங்களுக்கும் வரலாற்றுக்கும் போனார். பத்தி எழுத வருபவர்கள் அந்தப் பேச்சைத் தேடிக் கேட்பது நல்லது.

மன்னிப்பிலும் சறுக்கலாம்

2024 ஏப்ரலில் இண்டியானா ஃபீவர் என்ற பெண்கள் கூடைப்பந்து அணி தன் புதிய வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது. இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழின் பத்தியாளர் கிரெக் டோயல், கேள்வி கேட்கும் முன் விரல்களால் இதய வடிவம் காட்டினார். கிளார்க் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அரங்கில் இருக்கும் குடும்பத்தாருக்குக் காட்டும் சைகை அது. குடும்பத்துக்குத்தான் அப்படிச் செய்வேன் என்று அவர் சொல்ல, எனக்கும் காட்ட ஆரம்பித்தால் நாம் நன்றாகப் பழகிக்கொள்ளலாம் என்றார் டோயல். கல்லூரி முடித்து முதல் தொழில்முறை அணிக்கு வந்து நிற்கும் 22 வயதுப் பெண்ணிடம், அறை நிறையக் கேமராக்களுக்கு முன்னால்.

கண்டனம் குவிந்ததும் டோயல் மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினார். வருத்தம் உண்மையானதாகவே தெரிந்தது. ஆனால் தான் எப்போதும் இப்படி வெள்ளந்தியாகப் பேசுபவன், ஊரில் எல்லாருக்கும் தெரியும், கோடு இருப்பதே தெரியாமல் தாண்டிவிட்டேன் என்று பெரும்பகுதி அவரைப் பற்றியே போனது. கிளார்க்குக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது மன்னிப்புப் பத்தியிலும் பின்னால் தள்ளப்பட்டது. பத்திரிகை அவரை இரண்டு வாரம் இடைநீக்கம் செய்ததாகவும், அந்த சீசனில் ஃபீவர் ஆட்டங்களுக்கு அவர் நேரில் போக மாட்டார் என்றும் செய்திகள் வந்தன.

மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தால் மூன்று நான்கு வரி போதும். என்ன செய்தேன், யாருக்கு, அது ஏன் தவறு, அவ்வளவுதான். நான் எப்படிப்பட்டவன், என் இயல்பு என்ன, எத்தனை வருடமாக எழுதுகிறேன் என்பதெல்லாம் அதில் வேண்டாம். அதைப் பத்தியாக நீட்டவும் வேண்டாம். முடிந்தால் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் தனியாகச் சொல்லிவிடுங்கள், அப்புறம் வாசகருக்கு.