சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டும் வேலை கற்கப் போகிறீர்களா?

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் பிளம்பிங்கைக் கைக்குள் கொண்டுவாருங்கள். ஐடிஐயில் பிளம்பர் படிப்பு 1 வருடம்தான். கரன்ட் தயாரிக்கும் சோலார் பேனலுக்கான பயிற்சி வேறு, இது வேறு. பணம் கட்டும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, அனுபவமுள்ள ஒருவரோடு மொட்டை மாடி ஏறுங்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஏர் வென்ட் குழாய். வெந்நீர் டேங்கின் மேலிருந்து கிளம்பி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக, வாய் திறந்தே நிற்க வேண்டும். தண்ணீர் சொட்டுகிறதே என்று அதற்கு மூடி போட்டுவிடாதீர்கள். ஆவி போக வழியில்லாமல் டேங்க் உப்பும். தண்ணீர் வேகமாக இறங்கினால் உள்வாங்கி நசுங்கவும் செய்யும். வெந்நீர் லைனுக்குச் சாதா பிவிசி கூடவே கூடாது, இளகிவிடும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி போடுங்கள்.

வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் பகுதிக்குக் கலெக்டர் என்று பெயர். நம் ஊரில் அது தெற்கு பார்த்து இருக்க வேண்டும். கண்ணாடிக் குழாய் வகை என்றால் நடுப்பகலில் பச்சைத் தண்ணீர் விடாதீர்கள். வெயிலில் காய்ந்த குழாய் பட்டென்று விரிசல் விட்டுவிடும். விடியற்காலையில் நிரப்புங்கள், இல்லையென்றால் சாக்குப் போட்டு மூடி, நன்றாக ஆறிய பிறகு நிரப்புங்கள்.