வீட்டு டிரைனேஜ் லைன்: வடசென்னையில நாம பண்ற தப்புங்க

டிரைனேஜ் அடைச்சிக்கிச்சுன்னா மொதல்ல வர்ற பேச்சு "மெட்ரோ வாட்டருக்கு (சென்னை குடிநீர், கழிவுநீர் வாரியம்) போன் போடு"தான். 1916க்கு அடிச்சா கம்ப்ளைன்ட் எடுத்துப்பாங்க, வண்டியும் வரும், ஆனா வந்தவங்க தெரு மேன்ஹோல தொறந்து பாத்துட்டு "மெயின் லைன் ஓடுது, உங்க வீட்டுக்குள்ளதான் அடைப்பு"ன்னு சொல்லிட்டா நாம ஒண்ணும் பேச முடியாது, ஏன்னா காம்பவுண்டுக்குள்ள இருக்கற பைப்பு, சேம்பர் (பைப்புங்க சேர்ற, மூடி போட்ட சின்னத் தொட்டி) எல்லாமே வீட்டுக்காரர் பொறுப்பு, டாக்ஸ் கட்டியிருந்தாலும் அதேதான். போன் போடறதுக்கு முன்னாடி தெருவ ஒட்டி இருக்கற கடைசி சேம்பர் மூடிய தூக்கிப் பாருங்க. அது காலியா இருந்து பாத்ரூம்ல தண்ணி நின்னா அடைப்பு உள்ள. அது ரொம்பி நின்னா பிரச்சனை தெருப்பக்கம், பக்கத்து வீட்லயும் அப்படியான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பெரிய தப்பு மழைக்காலத்துலதான் நடக்குது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் வாசல்ல தண்ணி நின்னுச்சுன்னா சேம்பர் மூடிய தொறந்து உள்ள தள்ளிடறாங்க, சில வீட்ல மொட்டை மாடி பைப்பையே நேரா அதுல விட்டிருக்காங்க. டிரைனேஜ் பைப்பு வீட்டுக் கழிவுக்கு மட்டும்தான், மழைத்தண்ணிக்கு கார்ப்பரேஷன் வடிகால் தனியா இருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல தொறந்தா மெயின் லைன் ரொம்பி, மண்ணும் சேந்து, தண்ணி திரும்பி வரும். யார் வீட்டுக்கு வரும்? ரோடு மேல ரோடு போட்டு தாழ்ந்து போன பழைய வீட்டு கிரவுண்ட் ஃப்ளோருக்கு. தள்ளி விட்டவர் மாடியில நிம்மதியா இருப்பார்.

தாழ்ந்த வீடா இருந்தா கடைசி சேம்பர்ல, தெருத் தண்ணி திரும்பி உள்ள வராம தடுக்கற நான்-ரிட்டர்ன் வால்வு (non-return valve) போடறது நல்லது. ஆனா போட்டுட்டு மறந்துடாதீங்க, குப்பை மாட்டிக்கிட்டா அது சரியா மூடாது, மழைக்கு முன்னாடி கழுவணும். இன்னொண்ணு, வால்வு மூடியிருக்கறப்போ மாடியில துணி தோய்ச்சா அந்தத் தண்ணி வெளிய போக வழியில்லாம கீழ் வீட்டு பாத்ரூம்ல வந்து நிக்கும், இத மாடியில இருக்கறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

மழைநீர் வடிகால்ல கக்கூஸ் லைன விடறதும் தப்புதான். அது நேரா ஓட்டேரி நல்லா-ங்கற ஓடைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும்தான் போகுது. அப்புறம் கால்வாய் நாறுதுன்னு நாமளே திட்டுவோம்.

கிச்சன்ல எண்ணெய், மீன் செதில், டீத்தூள், பாத்ரூம்ல நாப்கின், டயபர். தெரிஞ்சதுதான், போடாதீங்க.

அடைச்சதும் ஆசிட் ஊத்தறது வேஸ்ட்டு, துணியும் நாப்கினும் அதுல கரையாது. அதோட பிளீச்சிங் பவுடர் சேந்துச்சுன்னா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. அதவிட மோசம், காசு குடுத்து ஒரு ஆள குழிக்குள்ள எறக்கறது. உள்ள விஷவாயு இருக்கும், எறங்கறவர் சீக்கிரமே மயங்கி விழுந்துடலாம். மனுஷன் கையால மலம் அள்ளறத தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆள எறக்கினா மொதல் தடவையே 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம், வீட்டுக்காரர்னு விதிவிலக்கு கெடையாது. தண்ணிய வேகமா பீய்ச்சி அடைப்ப எடுக்கற ஜெட்டிங் வண்டிய கூப்பிடுங்க.

கடைசியா சம்ப்பு, அதாவது தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி. நம்ம ஏரியாவுல மனையே சின்னது, அதனால சம்ப்பும் சேம்பரும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், சேம்பர் சுவத்துல கீறல் விட்டா கழிவு சம்ப்புக்குள்ள கசியும், வாடை வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கீறல் இருக்கான்னு பாக்க, ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் சேம்பர்ல ரெண்டு பக்க பைப்பையும் துணியால அடைச்சி தண்ணி ரொப்பி, லெவல் எங்க இருக்குன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வைங்க, வீட்ல யாரும் நடுராத்திரி கக்கூஸ் போகாம இருக்கணும், அதுதான் கஷ்டம். காலையில கோட்டுக்கு கீழ எறங்கியிருந்தா கொத்தனார கூப்ட்டு உள்பக்கம் பூச வேண்டியதுதான், அது முடிஞ்சி சம்ப்ப கழுவற வரைக்கும் அந்தத் தண்ணிய குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீங்க. அடைச்ச துணிய மறக்காம எடுத்துடுங்க.