மூன்றுக்கு ஒன்று: ஜாடியில் ஊறும் கானாங்கெளுத்திக்கு உப்புக் கணக்கு

மும்பைப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த மழையில் கருவாடும் காயாது. அதனால் தாராவியில் எங்கள் வீட்டில் வெயில் காலத்திலேயே கானாங்கெளுத்தியை ஜாடியில் போட்டுவிடுவோம். இங்கே மீன்காரம்மாவிடம் பாங்டா என்று கேட்டால்தான் தருவார்.

தலை, செவுள், குடல் எல்லாம் எடுத்துக் கழுவிய பிறகு மீனை நிறுங்கள். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ கல்லுப்பு. கைக்கணக்கு வேண்டாம். "பிரஷர் இருக்குடி, பாதி உப்பு போதாதா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். போதவே போதாது. பிரஷர் இருப்பவர்கள் இதைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

உப்பு மீனின் தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. அழுக வைக்கும் கிருமிகள் அதில் பெருக முடியாது. சதையில் இருக்கும் நொதிகள் மட்டும் மெதுவாக வேலை செய்யும், மணமும் ருசியும் அப்படித்தான் வருகின்றன. உப்புக் குறைந்தால் கிருமிகள் முந்திக்கொள்ளும். கானாங்கெளுத்தியில் அப்போது ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. வாங்கும்போதே கெடத் தொடங்கிய மீனை உப்பாலும் காப்பாற்ற முடியாது, ஐஸில் கிடந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

சரிக்குச் சரி உப்புப் போட்டால் கெடாது. ஆனால் நொதிகளும் முடங்கிவிடும், சதை விறைத்து வெறும் உப்பாகத்தான் இருக்கும். தூள் உப்பும் வேண்டாம், வெளிச்சதை சட்டென்று இறுகி, உள்ளே உப்பு சரியாக இறங்காது.

பீங்கான் ஜாடியில் ஓர் அடுக்கு உப்பு, ஓர் அடுக்கு மீன், நடுநடுவே குடம்புளி. புளிப்பும் கிருமிகளை அடக்கும். மேலே தட்டு வைத்துக் கல் ஏற்றுங்கள். ஊறிவரும் உப்புத்தண்ணீருக்குள் மீன் முழுதும் மூழ்கியே இருக்க வேண்டும். தலைநீட்டிய மீனில் சிலசமயம் சிவப்பாகப் படரும். அது உப்பிலேயே வாழும் கிருமி, கடல் உப்போடுதான் வரும். மேலும் உப்பைக் கொட்டினால் சாகாது, காற்றுப் படாமல் வைத்தால்தான் அடங்கும். நான் கல்லுப்பை வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவைத்துப் போடுகிறேன்.

இரண்டு மூன்று மாதத்தில் பக்குவமாகிவிடும். அழுகல் நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சமைக்கும் முன் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவையுங்கள். அப்புறம் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு கூட்டும்போது உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.