அயர்லாந்து, பின்லாந்து காடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1990 முதல் 2020 வரை அயர்லாந்தின் காட்டுப் பரப்பு சுமார் 70 சதவீதம் கூடியது. பின்லாந்தில் கூடியது 2 சதவீதச் சொச்சம்தான். இதை மட்டும் படிப்பவர், காடு வளர்ப்பில் அயர்லாந்தே முந்தியது என்று தீர்ப்பு எழுதிவிடுவார். ஹெக்டேரில் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாகிறது. அயர்லாந்து சுமார் 4.6 லட்சத்திலிருந்து 7.8 லட்சம் ஹெக்டேருக்கு வந்தது, பின்லாந்து 2.19 கோடியிலிருந்து 2.24 கோடிக்கு. அதாவது அயர்லாந்தில் 3.2 லட்சம் ஹெக்டேர் கூடியது என்றால், பின்லாந்தில் 5 லட்சத்துக்கும் மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்து நிலத்தில் காடு ஏறக்குறைய 1 சதவீதம்தான் இருந்தது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து கிளம்பும் நாட்டின் வளர்ச்சிச் சதவீதம் பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. அயர்லாந்தின் நிலப்பரப்பில் காட்டின் பங்கு இந்த முப்பது ஆண்டுகளில் 7 சதவீதத்துக்குச் சற்றுக் கீழிருந்து 11-ஐத் தாண்டியது. இது ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி (ஒரு சதவீதத்திலிருந்து இன்னொன்றைக் கழித்து வரும் எண்) உயர்வு. 5 சதவீத உயர்வு அல்ல.

இவை கணக்குப் பிழைகள், திருத்திவிடலாம். எதைக் காடு என்று எண்ணினார்கள் என்று பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்கில், அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், 5 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரங்கள், நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கிளைநிழல் (மரக்கிளைகள் மூடும் பங்கு) இருந்தால் காடு. அயர்லாந்தின் தேசியக் கணக்கெடுப்போ 0.1 ஹெக்டேரையும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் 20 சதவீத நிழல் கேட்கிறது. பின்லாந்தின் மரபு வேறு: ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஒரு கன மீட்டர் மரமாவது விளையும் நிலமே முழுமையான காட்டு நிலம். அப்படி எண்ணினால் நாட்டின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு, ஐ.நா. வரையறையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. வனத்தொழிலுக்குரிய நிலம் முழுவதையும் சேர்த்தால் 85 சதவீதத்தைத் தாண்டும். மூன்றும் உண்மையான எண்களே. வகுக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும்: ஏரிகள் நிறைந்த பின்லாந்தின் மொத்தப் பரப்பில் நீர்ப்பரப்பு மட்டுமே பத்தில் ஒரு பங்கு, அதையும் சேர்த்து வகுத்தால் காட்டின் சதவீதம் குறையும்.

செயற்கைக்கோள் வரைபடத்தை எடுத்து வந்து இந்தக் கணக்கோடு மோதவிடுவது இன்னொரு வழக்கம். மரம் வெட்டப்பட்ட இடம் வரைபடத்தில் இழப்பாகச் சிவக்கும். அங்கே மீண்டும் மரம் நடுவதாக இருந்தால் ஐ.நா. கணக்கில் அது காடாகவே தொடரும். பின்லாந்தில் மரவெட்டு பெரிய தொழில் என்பதால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கண்ணைப் பறிக்கும்.

தொடக்க ஆண்டைத் தேர்வதிலும் சூழ்ச்சி செய்யலாம். 1990-க்குப் பதிலாக 2000-இல் தொடங்கினால் பின்லாந்தின் பரப்பில் ஏறத்தாழ மாற்றமே இல்லை. பழைய அறிக்கையிலிருந்து 1990-ஐயும் புதிய அறிக்கையிலிருந்து 2020-ஐயும் எடுப்பது அதைவிட மோசம். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் முந்தைய ஆண்டுகளின் எண்களையும் திருத்துகிறார்கள். ஒரே பதிப்பிலிருந்தே இரண்டையும் எடுக்க வேண்டும்.

பரப்பு கூடினால் காடு நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் அவசரம். அயர்லாந்துக் காட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் நிற்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், அறுவை மரத்துக்காக வளர்க்கப்படுவது. பின்லாந்தில் பரப்பு அசையாமல் நிற்க, மர வளர்ச்சி மந்தமானதாலும், வெட்டு கூடியதாலும், வடிகால் வெட்டிய கரிச்சதுப்பு நிலங்களின் (முழுதாக மக்காத தாவரங்கள் படிந்த ஈரநிலங்கள்) உமிழ்வாலும் 2021-இல் உமிழ்வுக் கணக்கின் நிலப்பயன்பாட்டுப் பிரிவு (காடும் பிற நிலங்களும் சேர்ந்தது) உறிஞ்சுவதைவிட அதிகக் கரியமில வாயுவை வெளியிட்டது. ஹெக்டேர் கணக்கில் இதன் சுவடே தெரியாது. அதற்கு மர இருப்பின் கன அளவையும் உமிழ்வுக் கணக்கையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.